கல்லாகாத நெஞ்சம்



துஷ்டி கேட்க வருகிறவர்கள் நம் ஊர்களில் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தைகள் மிகச் சிலவே. "போனவர் திரும்பியா வரப்போகிறார்?" என்பது ஒன்று, "எல்லாம் அவன் விட்ட வழி" என்பது மற்றொன்று, இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, புறப்படும் நேரத்தில் வாசற்படியில் நின்று, "மனசைக் கல்லாக்கிக்கொள்" என்று சொல்வது இன்னொன்று. சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். நடுத்தரமான மனவமைப்பு உடையவர்களுக்கு அந்த உபதேசம் ஓரளவு பயன்படவும் கூடும். ஆனால், அடுத்த அறையில் ஒருவர் குரல் சற்றே உயர்ந்தால் சோறு தொண்டையில் இறங்காதவர்களும், பிறர் முகத்தில் ஒரு வாட்டம் தோன்றும் முன்பே அதைத் தம் நெஞ்சில் உணர்ந்துவிடுகிறவர்களும், கல்யாண வீட்டு இரைச்சலில் தலை கனத்துப்போய்த் தனியிடம் தேடுகிறவர்களுமாகிய சிலர் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்களே, அவர்களிடம் போய் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளச் சொல்வது, கண் கூசுகிறது என்பவனிடம் கண்ணைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்வதற்கு நிகரான வைத்தியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் வீடுகளில் தொட்டாற்சிணுங்கி என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். அமெரிக்க மனநூல் அறிஞரான எலேன் ஆரன் என்னும் அம்மையார் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஒன்றில், இது நோயுமன்று, குறையுமன்று, பிறவியோடு வருகிற ஒரு சுபாவம் என்றும், மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இத்தகையோர் என்றும் எடுத்துரைத்தார். அவருடைய கணக்கைப் பற்றி வாதிக்க நான் மனநூல் பயின்றவனல்லன். இத்தகைய மனம் படைத்த ஒரு மனிதர், ஒன்றன்பின் ஒன்றாக வந்த மரணங்களுக்கிடையே, எப்படித் தம் ஆத்மாவை ஆற்றிக்கொண்டார் என்பதைத்தான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் ரவீந்திரநாத தாகூர்.

தாகூரை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். வெண்தாடியும், நிலத்தைத் தொடும் அங்கியும், எங்கோ தொலைவை நோக்கும் கண்களுமாக, சுக துக்கங்களைக் கடந்த ஒரு ரிஷியைப் போல் அவர் அந்தப் படங்களில் காட்சியளிக்கிறார். அந்தப் படங்கள் அவருக்குப் பெரிய அநீதி இழைத்துவிட்டன என்பது என் எண்ணம். துக்கத்தைக் கடந்தவராக அவரை வணங்கத் தொடங்கிய நாள் முதல், துக்கத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம்.

1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி, கல்கத்தாவில், ஜோராஸாங்கோ என்னும் பேட்டையிலிருந்த பெரிய மாளிகையில் அவர் பிறந்தார். தாய்க்குப் பல குழந்தைகள். பெரிய குடும்பத்தின் நிர்வாகம். ஆகையால், அக்காலத்துச் செல்வர் வீட்டு வழக்கப்படி, சிறுவன் வேலைக்காரர்களின் ஆளுகையில் வளர்ந்தான். அவர்களுள் சியாம் என்பவன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சிரமத்தைக் குறைக்க ஓர் உபாயம் கண்டுபிடித்தான். சாக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சிறுவனை உட்கார வைத்து, கோட்டைத் தாண்டினால் பெரிய ஆபத்து வரும் என்று விரலை ஆட்டி எச்சரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். லக்ஷ்மணன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்பதை ராமாயணத்தில் படித்திருந்த பிள்ளை அசையவே மாட்டான்.

வட்டத்துக்கு அருகில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு குளமும், ஒருபுறம் பெரிய ஆலமரமும், மறுபுறம் தென்னை வரிசையும் இருந்தன. குளிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் இரு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு கணக்காக முழுக்குப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். இன்னொருவர் தண்ணீரில் இறங்காமலே துண்டை நனைத்து நனைத்துத் தலையில் பிழிந்துகொள்வார். வேறொருவர் மேற்படியிலிருந்தே தொப்பென்று குதிப்பார். காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த இந்தக் காட்சிகளை, ஐம்பது வயதை ஒட்டி 'ஜீவன் ஸ்மிருதி' என்னும் நினைவு நூலை எழுதியபோது, நேற்றுக் கண்டவைபோல் அவர் விவரிக்கிறார். நுட்பமான மனம் எதையும் தள்ளிவிடுவதில்லை. உலகம் அதன்மேல் விழுந்து பதிந்துகொண்டேயிருக்கிறது, பதிந்தது அழிவதில்லை.

பள்ளிக்கூடங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. நான்கு பள்ளிகளுக்குப் போனார், நான்கிலும் நிலைக்கவில்லை. கடைசியாகப் போன சேவியர் பள்ளியில் மட்டும், பெனெராண்டா என்ற ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ஒருவரை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. வேறோர் ஆசிரியருக்குப் பதிலாகச் சில நாட்கள் வந்த அவர், மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்த வேளையில் பெஞ்சுகளுக்கிடையே உலாவி வந்தபோது, இந்தச் சிறுவனின் பேனா ஓடாமல் நிற்பதைக் கவனித்தார். பின்னால் வந்து நின்று, குனிந்து, தோளில் கையை வைத்து, உடம்பு சரியில்லையா என்று கனிவாக விசாரித்தார். நடந்தது இவ்வளவே. மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாதிரியாரின் ஆங்கில உச்சரிப்புத்தான் நினைவிருந்திருக்கும். இவருக்கோ அந்தக் கையின் ஸ்பரிசம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரு தேவாலயத்தின் அமைதியைத் தரும் நினைவாக எஞ்சி நின்றது. எளிதில் புண்படுகிறவர்களை எண்ணிப் பரிதாபப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். சிறிய கடுமை அவர்களைப் பெரிதாக வருத்துவதைப் போலவே, சிறிய அன்பும் அவர்களுக்குப் பெரிதாகவே போய்ச் சேருகிறது.

1875ஆம் ஆண்டு தாயார் இறந்தார். ரவீந்திரருக்கு அப்போது பதினான்கு வயது நிறையவில்லை. இரவில் ஒரு வயதான வேலைக்காரி அழுதுகொண்டே பிள்ளைகள் உறங்கும் அறைக்குள் ஓடிவர, அண்ணியார் காதம்பரி தேவி, நடு இரவில் பிள்ளைகள் அதிரக்கூடாதென்று, அவளை விரைந்து அப்புறப்படுத்தினார். விடிந்தபின் முற்றத்தில் கட்டிலில் கிடந்த தாயைப் பார்த்தபோதும் மரணம் அச்சந்தரும் ஒன்றாகச் சிறுவனுக்குத் தோன்றவில்லை. நிம்மதியான உறக்கமாகவே தோன்றியது. தலைவாயிலைத் தாண்டி அந்தக் கட்டில் போனபோதுதான், இந்த வாசல் வழியாகத் திரும்பி வந்து இந்தக் குடித்தனத்தில் தன் இடத்தில் அம்மா இனி உட்காரப்போவதில்லை என்பது புயல்போல் அவனை வந்து மோதியது. அது அன்றோடு அடங்கவில்லை. பல ஆண்டுகள் சென்று, வாலிபனாக, வசந்தகாலத்துக் காலை வேளையொன்றில், மல்லிகை மொட்டுகளை மேல்துணியின் முந்தியில் முடிந்துகொண்டு திரிகையில், அந்த மொட்டுகளை நெற்றியில் ஒற்றிக்கொண்டால் தாயின் விரல்கள் தன்னைத் தொடுவதாக உணர்ந்தார். துயரத்தை நினைவூட்டிய அதே நெற்றியில்தான் ஆறுதலும் வந்து தொட்டது. நெற்றியை மரத்துப்போகச் செய்திருந்தால் இரண்டுமே இல்லாமற் போயிருக்கும். நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் ஏறத்தாழ இந்த ஒன்றுதான். மற்றவை இதன் விரிவு.

தாயிழந்த பிள்ளைகளை அன்றே தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட அந்த அண்ணியாரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஒன்பது வயதுச் சிறுமியாக அந்த வீட்டுக்கு மணமாகி வந்த காதம்பரி, ரவீந்திரரைவிட இரண்டு வயதே மூத்தவர், விளையாட்டுத் தோழி, பிறகு, அவர் எழுதிய கவிதைகளின் முதல் வாசகி, இலகுவில் பாராட்டாத விமரிசகி. ரவீந்திரருக்கு 1883ஆம் ஆண்டு டிசம்பரில் விவாகம் நடந்தது. மறு ஏப்ரலில் காதம்பரி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஏன் என்பதைப் பற்றி அன்று முதல் இன்றுவரை வங்காளத்தில் வதந்திகளுக்குக் குறைவில்லை. அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். பிறர் வீட்டுத் துயரத்தைத் துருவுவது இலக்கிய ஆராய்ச்சியாகாது. குடும்பத்தார் அதைப் பற்றி வெளியே பேசவில்லை. ரவீந்திரரும் தம் நினைவு நூலில், இருபத்து நான்காம் வயதில் மரணத்தோடு தமக்கு ஏற்பட்ட நிலையான அறிமுகம் என்று சொல்கிறாரேயன்றி, இறந்தவரின் பெயரைச் சொல்லவில்லை.

அதன் பிறகு சில காலம் அவருடைய நடை உடைகளே மாறிப்போயின. வேட்டியின்மேல் ஒரு முரட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, காலில் சாதாரணச் செருப்போடு, கல்கத்தாவில் நாகரிகர்கள் கூடும் தாக்கர் புத்தகக் கடைக்குப் போய்வந்தார். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் மூன்றாவது மாடியின் திறந்த தாழ்வாரத்தில் படுத்துறங்கினார். உணவு முறையும் தலைகீழாயிற்று. பார்த்தவர்கள் பையன் மனம் பேதலித்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். உள்ளே நடந்ததோ வேறு. சூரியனும் சந்திரனும் மரங்களும் முன்போலவே இருக்க, அவற்றையெல்லாம்விட மெய்யாக இருந்த ஒன்று மட்டும் கனவுபோல் மறைந்துவிட்ட அந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள முடியாமல், மறைந்ததன் இடத்தில் எஞ்சியிருக்கும் இருட்டையே இரவும் பகலும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சகிக்க முடியாத அந்த வேதனையின் நடுவே, தாமே எதிர்பாராத வகையில் ஓர் இலேசான உணர்வு அவ்வப்போது வந்துபோயிற்று. வாழ்க்கை அசையாமல் ஊன்றப்பட்ட ஒன்றன்று என்னும் செய்தி துக்கச் செய்திதான். ஆனால், அசைக்க முடியாத கருங்கற் சுவர்களுக்குள் நாம் ஆயுட்கைதிகளாக அடைக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் அதே செய்தியின் மறுபக்கம் அல்லவா? பற்றியிருந்ததை விட்டே தீரவேண்டும் என்று ஆனபோது, இழப்பாகப் பார்க்கையில் வேதனையாகவும், விடுதலையாகப் பார்க்கையில் விசாலமான சாந்தியாகவும் அது தோன்றிற்று என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

பிற்காலத்தில் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்லுகிறேன். இதை அவர் எழுதியது, நிகழ்ந்து ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் துக்கத்திலிருந்து தத்துவம் வடித்துக்கொண்டுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் அவசரம் அவரிடம் இல்லை. 1917ஆம் ஆண்டு, சகோதரனைப் பறிகொடுத்துத் தவித்த ஓர் இளைஞருக்கு, பின்னாளில் வங்கக் கவிஞராகப் புகழ்பெற்ற அமிய சக்கரவர்த்திக்கு, ஒரு கடிதம் எழுதினார். உன் வயதில் எனக்கும் இத்தகைய பேரிடி விழுந்தது, காலடியில் இருந்த பூமி நகர்ந்துவிட்டது, அதிலிருந்து மீள்வேன் என்று நான் அன்று நம்பவில்லை, மீண்டேன் என்னும் பொருள்பட அதில் எழுதினார். அழாதே என்று சொல்லவில்லை. தாம் இருந்த இடத்தைச் சொன்னார்.

ஷிலைதஹ என்னுமிடத்தில் பத்மா நதிக்கரையில் குடும்பத்து ஜமீனைப் பார்த்துக்கொண்டு, படகு வீட்டில் கழித்த ஆண்டுகளை விரிவாகச் சொல்ல நேரமில்லை. அங்கே வாரக் கடைசியில் வந்து தங்கும் நண்பர் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், வரும்போதெல்லாம் ஒரு புதுக் கதை எழுதி வைத்திருக்கவேண்டும் என்று ரவீந்திரருக்கு நிபந்தனை விதித்திருந்தார், ரவீந்திரரும் நிறைவேற்றினார். அந்தப் போஸ்தான் பிற்காலத்தில், நாம் ஏளனத்துக்கு உவமையாக்கிவிட்ட தொட்டாற்சிணுங்கிச் செடியை நுண்கருவிகளோடு பிணைத்து, தொட்டவுடன் அது சுருங்குவதையும், அப்படியே விட்டுவைத்தால் தானே மெல்ல நிமிர்ந்து முன்போல் இலை விரிப்பதையும் கோடுகளாக வரைந்து உலகத்துக்குக் காட்டினார். விரிந்தபின் அதை மறுபடி தொட்டால் மறுபடியும் சுருங்கும். ஒரு முறை பட்டுத் தேறியது என்பதற்காக அது வேறு செடியாகிவிடுவதில்லை.

ரவீந்திரர் வாழ்வில் அந்த மறுதொடல் 1902ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முந்திய டிசம்பரில்தான் சாந்திநிகேதனில் சிறு பள்ளியொன்றை அவர் நிறுவியிருந்தார். பணத்துக்கு முடை ஏற்பட்டபோது மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். ஓராண்டு நிறையுமுன் அந்த அம்மையார் நோயில் விழுந்தார். கூலிக்குத் தாதி வைக்காமல், மின்விசிறி இல்லாத அந்த வீட்டில், இரண்டு மாத காலம் இரவு பகலாகக் கைவிசிறியால் விசிறிக்கொண்டு கணவரே பணிவிடை செய்தார். நவம்பர் 23ஆம் தேதி மிருணாளினி காலமானார். அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போனபின், பதினான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த மூத்த மகன் ரதீந்திரநாதரை அழைத்து, தாய் எப்போதும் அணிந்திருந்த செருப்புகளை அவன் கையில் கொடுத்து, இவற்றை நீ வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு, தகப்பனார் தம் அறைக்குள் போய்விட்டார். இதை எழுதி வைத்திருப்பவர் அந்த மகனே. உபதேசம் இல்லை, கட்டித் தழுவல் இல்லை. கொடுப்பதற்குச் செருப்பு இருந்தது, கொடுத்தார். உணர்ச்சி மிகுந்தவர்கள் எப்போதும் உரக்க அழுகிறவர்கள் என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன்.

இரண்டாவது பெண் ரேணுகாவுக்குக் காசநோய். அவளை ஹஜாரிபாகுக்கும், பிறகு இமயமலைச் சாரலில் அல்மோராவுக்கும் கொண்டுபோனார். நோயாளிப் பெண்ணின் படுக்கையருகில் இருந்துகொண்டு அந்த மலையில் அவர் எழுதியவை, 'சிசு' என்னும் தொகுதியில் உள்ள குழந்தைப் பாடல்கள். அவற்றில் பல, குழந்தை தன் தாயோடு பேசுவதாக அமைந்தவை. தாயில்லாத பிள்ளைகளின் தகப்பன், பிள்ளையின் குரலில் தாயோடு பேசுகிறான். இதைவிட வெளிப்படையாகத் துக்கப்பட்டவர் எவரும் இல்லை. இதைவிட மறைவாகத் துக்கப்பட்டவரும் இல்லை. 1903ஆம் ஆண்டு செப்டம்பரில், பன்னிரண்டு வயதில், ரேணுகா போய்ச் சேர்ந்தாள். கடைசி வேளையில், இறைவனைப் பிதாவாக விளிக்கும் யஜுர்வேத மந்திரத்தைச் சொல்லும்படி தகப்பனைக் கேட்டாள், அவர் சொன்னார். மறு ஆண்டு, சாந்திநிகேதனில் அவர் மிகவும் நம்பியிருந்த இளம் ஆசிரியர் சதீஷ் சந்திர ராய் பெரியம்மையில் மாண்டார். 1905 ஜனவரியில் தந்தையார் தேவேந்திரநாதர்.

1907ஆம் ஆண்டு பூஜை விடுமுறையில், கடைசிப் பிள்ளை சமீந்திரன், நண்பர் குடும்பத்தோடு முங்கேருக்குப் போனான். பதினொரு வயதுகூட நிறையவில்லை. வாந்திபேதி கண்டது. தந்தி கிடைத்துத் தகப்பனார் போய்ச் சேர்ந்தார். நவம்பர் 23ஆம் தேதி, தாய் இறந்த அதே தேதியில், பிள்ளை இறந்தான். மகனுடைய கடைசி வேளையில் அவர் பக்கத்து அறையில் இருட்டில் தனியே அமர்ந்திருந்தார். அதற்கடுத்த இரவு ரயிலில் திரும்பி வருகையில் ஜன்னல் வழியே பார்த்தாராம்; ஆகாயம் முழுவதும் நிலவு வெள்ளமாகப் பெருகிக்கொண்டிருந்தது; எங்கும் எதுவும் குறைந்துபோனதற்கு அடையாளமே இல்லை. குறையவில்லை, எல்லாமே எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது, நானும் அதற்குள்தான் இருக்கிறேன், எனக்குச் செய்யவேண்டிய வேலையும் பாக்கி இருக்கிறது என்று தம் மனம் சொன்னதாக, அவர் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார்.

காதம்பரியின் மரணத்துக்குப் பின் எந்தச் சூரிய சந்திரர்கள் மாறாமல் இருந்தது அவருக்குப் பொறுக்க முடியாத முரண்பாடாகத் தோன்றியதோ, அதே சந்திரன் மாறாமல் இருந்ததுதான் இப்போது அவருக்கு ஆறுதலாயிற்று. இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. உலகம் மாறவில்லை, அவருடைய மனமும் முன்னைவிடத் தடித்துவிடவில்லை. அது அகன்றிருந்தது.

இதில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. தேவேந்திரநாதர் இளைஞராக இருந்தபோது, அவரை வளர்த்த பாட்டியாரை, அக்கால வழக்கப்படி, இறுதி நாட்களில் கங்கைக் கரைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நிம்தலா படித்துறை, பக்கத்திலேயே மயானம், முழுநிலவு எழுந்திருக்கிறது, பாட்டியாரின் செவியில் விழும்படி நாமசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருக்கிறது. முரட்டுப் பாய் ஒன்றில் உட்கார்ந்திருந்த அந்தச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு, அதுவரை அறியாத ஓர் ஆனந்தம் நெஞ்சில் புகுந்தது; செல்வமெல்லாம் அற்பமாகப் பட்டது. அந்த ஆனந்தம் மறுபடி வரவில்லையே என்ற ஏக்கத்தில் அவர் திரிந்துகொண்டிருந்த நாட்களில்தான், காற்றில் பறந்து வந்த ஒரு கிழிந்த ஏட்டில், ஈசோபநிஷத்தின் முதல் மந்திரம் அவர் கைக்குக் கிடைத்தது. இதைத் தேவேந்திரநாதரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மகன் இதை அறியாதவரல்லர். ஆனாலும் தகப்பனின் அனுபவத்தை மகன் கடனாகப் பெற முடியாது. தமக்குரிய விலையைத் தாமே கொடுத்துத்தான் அவர் அங்கே வந்து சேர வேண்டியிருந்தது.

ஆன்மிகம் என்றவுடன், அவர் காவி உடுத்தார், குருவை நாடினார், உடம்பு பொய், உறவு பொய் என்று சொல்லிக்கொண்டார் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தை நடத்தினார், கடன்களைச் சமாளித்தார், விடியுமுன் எழுந்து கிழக்கு நோக்கி அமர்ந்திருந்தார். சமீந்திரன் இறந்த மறு ஆண்டு டிசம்பரிலிருந்து சில மாதங்கள், சாந்திநிகேதனின் கண்ணாடிச் சுவர்க் கோயிலில், அதிகாலைகளில் கூடியவர்களுக்குச் சிற்றுரைகள் ஆற்றினார். அவை 'சாந்திநிகேதன்' என்ற பெயரிலேயே சிறு சிறு புத்தகங்களாக வெளிவந்தன. உண்மையைச் சொன்னால், அந்த உரைகளில் சில இடங்கள் வறட்டுப் பிரசங்கமாக எனக்குப் படுகின்றன. அதே ஆண்டுகளில் எழுந்த பாடல்கள் அப்படியல்ல. அவற்றில் பிரசங்கி மறைந்து, காத்திருக்கும் மனிதன் ஒருவனே மிஞ்சுகிறான். வங்காளி மொழியில் 'கீதாஞ்சலி' 1910இல் வெளிவந்தது, ஆங்கிலத்தில் 1912இல். நோபல் பரிசு கிடைத்த கதையை நீங்கள் அறிவீர்கள்.

அந்தப் பாடல்கள் எவரெவர் கைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன என்பது சற்றே வியப்பானது. முதல் உலகப் போரில் மாண்ட ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன், போர்முனைக்குத் திரும்புமுன் தாயிடம் விடைபெறுகையில் தாகூரின் வரிகளைச் சொல்லிவிட்டுப் போனார். 1918 நவம்பர் 11ஆம் தேதி, போர் முடிந்ததென்று ஊர் முழுவதும் மணியோசை கேட்டுக்கொண்டிருந்தபோது, மகன் ஒரு வாரத்துக்கு முன் இறந்த செய்தி தாய்க்கு வந்தது. அவனுடைய சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் அதே வரிகளும், அடியில் தாகூரின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. 1920இல் அந்தத் தாய் தாகூருக்குக் கடிதம் எழுதி, எந்த நூலில் அவை முழுமையாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

இன்னொன்று, 1911இல் எழுதப்பட்ட 'டாக்கர்' என்னும் நாடகம். நம் மொழியில் 'அஞ்சல் நிலையம்' எனலாம். நோயால் வீட்டுக்குள் அடைபட்ட அமல் என்ற சிறுவன், ஜன்னலருகே உட்கார்ந்து, தெருவில் போகும் தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பேசிப் பேசி, கடைசியில் உறங்கிப்போகிறான். சாக்கட்டி வட்டத்துக்குள் இருந்த பிள்ளையும், முங்கேரில் இறந்த பிள்ளையும் அவனுக்குள் இருக்கிறார்கள் என்று நான் படிக்கிறேன். 1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சாப் பகுதியில், அநாதைப் பிள்ளைகளைக் காத்துவந்த வைத்தியர் யானுஷ் கோர்ச்சாக் அந்தப் பிள்ளைகளைக்கொண்டே இந்த நாடகத்தை நடத்தினார். மூன்று வாரங்களுக்குள் அவரையும் பிள்ளைகளையும் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். மரணத்தை அச்சமின்றி ஏற்கப் பிள்ளைகள் பழகவேண்டும் என்று எண்ணி அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தாராம். இலக்கியத்தின் பயன் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. சொல்லும்போது எனக்குப் பெருமை தோன்றுவதில்லை, வாய் அடைத்துப்போகிறது.

இவ்வளவையும் கேட்டபின், அவர் முற்றும் ஆறிவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் அது என் குற்றமாகும். நோபல் பரிசுச் செய்தி வந்த சில நாட்களில், கல்கத்தாவிலிருந்து தனி ரயில் அமர்த்திக்கொண்டு பிரமுகர்கள் ஏராளமாகச் சாந்திநிகேதனுக்கு வந்து பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அவர்களைப் பார்த்து, அந்நியர் மெச்சியபின் நீட்டும் இந்தக் கோப்பையை உதட்டில் வைப்பேனேயன்றிப் பருகமாட்டேன் என்ற கருத்தில் அவர் கடுமையாகப் பேசிவிட்டார். நல்ல மனத்தோடு வந்தவர்களும் முகம் சுருங்கித் திரும்பினார்கள். அந்த நாள் நவம்பர் 23. தேதி அவர் மனத்தில் இருந்ததா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் எளிதில் புண்படும் மனம் பிறரை எளிதில் புண்படுத்தவும் செய்யும் என்பதற்கு அன்றைய கூட்டம் சாட்சி. 1918ஆம் ஆண்டு மூத்த மகள் மாதுரிலதா காசநோயில் கிடந்தபோது, பிற்பகல்தோறும் போய் அருகில் அமர்ந்துவிட்டு வருவார். மே மாதத்தில் ஒருநாள் வாசலிலேயே முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டார், மாடிப்படி ஏறவில்லை, வண்டியைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வந்து, அன்று மாலை வந்தவர்களோடு வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார். 1929ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அறுபத்தெட்டு வயதில், உலகமெங்கும் ஞானியாகக் கொண்டாடப்பட்ட அந்த மனிதர், ஓர் இளம்பெண்ணை ஊடகமாக வைத்துக்கொண்டு, ஆவிகளோடு பேசும் பரிசோதனைகளில் பல இரவுகள் அமர்ந்தார்; சமீந்திரனையும் அழைத்தார். பக்தர்கள் சிலர் இந்தச் செய்தியை மறைக்க விரும்புகிறார்கள்; பகுத்தறிவாளர் சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றும் ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையின் குரலைக் கேட்க ஆசையிருந்தது என்பதில் மறைக்கவோ சிரிக்கவோ என்ன இருக்கிறது?

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இளைய மகள் மீராவின் ஒரே மகன் நீதீந்திரன், அச்சுத் தொழில் கற்கப் போயிருந்த ஜெர்மனியில், இருபதாம் வயதில், அதே காசநோயால் இறந்தான். சாந்திநிகேதனில் அப்போது வர்ஷாமங்கள விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மழையை வரவேற்றுப் பாடியாடும் விழா. குருதேவருடைய துக்கத்தை முன்னிட்டு இவ்வாண்டு நிறுத்திவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. என் துக்கத்தின் சுமையை நான்தான் சுமப்பேன், அதைப் பிறர்மேல் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் மீராவுக்கு எழுதிய கடிதத்தில்தான், ரயில் ஜன்னல் வழியே பார்த்த நிலவைப் பற்றி அவளிடம் சொல்கிறார். சமி போன இரவு, அவனுடைய பயணத்துக்குத் தம் துக்கம் சிறிதும் இடையூறாக அவனைப் பின்னால் இழுத்துவிடக் கூடாது என்றே வேண்டிக்கொண்டதாகவும், நீதுவுக்கும் அதையே வேண்டிக்கொண்டதாகவும் எழுதுகிறார். நம்முடைய பணிவிடை அவர்கள் போன இடத்துக்கு எட்டாது; அன்பு ஒருவேளை எட்டலாம்; எட்டாதென்றால் அது இன்னும் ஏன் நம்மிடம் இருக்கிறது என்று மகளைக் கேட்கிறார். எழுபத்தோரு வயதுத் தகப்பன், மகனை இழந்த மகளிடம் கேட்கிற கேள்வி அது. பதிலைத் தாம் அறிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. மழை விழா அவ்வாண்டு குறிப்பிட்டபடி நடந்தது. கவியும் அதில் கலந்துகொண்டார்.